அடிமரத்திலிருந்து தொடங்குங்கள்: ஆப்பிரிக்க மலைப் புல்வெளியின் புரோட்டியாக்கள்

தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணியின் சட்டையில் ஒரு பூ இருக்கும். அணியைச் செல்லமாக அழைப்பதும் அந்தப் பூவின் பெயரால்தான். அது ராஜ புரோட்டியா, அந்நாட்டின் தேசிய மலர். நம் ஊரிலிருந்து போகிற பலரும் புரோட்டியா என்றால் அந்த ஒன்றைத்தான் மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். டிராக்கன்ஸ்பர்க் மலையில் இரண்டு நாள் நடந்துவிட்டு, அந்தப் பெரிய பூ கண்ணிலேயே படவில்லை என்று சொல்லித் திரும்புகிறார்கள். படாது. ராஜ புரோட்டியா, தெற்கிலும் தென்மேற்கிலும் கடலையொட்டி நிற்கும் கேப் மலைகளின் புதர்க்காட்டுச் செடி. ஏறத்தாழ 115 புரோட்டியா இனங்களில் பெரும்பாலானவை அந்தச் சிறிய மூலையில்தான் வாழ்கின்றன.

இந்த அத்தியாயம் மீதியைப் பற்றியது. கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி, வறட்சி முடிகிற நேரத்தில் நெருப்பு என்று ஆண்டு சுழலும் மலைப் புல்வெளிகளிலும் திறந்த மரக்காடுகளிலும் வாழ்பவை அவை. தென்னாப்பிரிக்காவின் கிழக்கு மலைகளில் தொடங்கி ஜிம்பாப்வே, மலாவி, தான்சானியா, கென்யா வழியாக எத்தியோப்பியா வரை, மேற்கே நைஜீரியா வரை பரவிக் கிடக்கின்றன. கேப் புரோட்டியாக்களுக்குக் கிடைத்த புகழில் இவற்றுக்குப் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. பூ சிறியது, மரம் கோணல்மாணலாக இருக்கும், பூக்கடைக்கு வருவதில்லை. எனக்கோ இவைதான் பிடித்தவை. ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

ஒரு தவறான பயணம்

நான் முதன்முதலில் டிராக்கன்ஸ்பர்க் போனது ஆகஸ்ட் மாதத்தில். டர்பனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தேன். சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கிளம்பியவர்களின் முதல் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று கரைசேர்ந்த ஊர் அது. இன்றும் அங்கே உறவு உள்ள தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்பதால், இந்நூலின் வாசகர்கள் பலருக்கும் டர்பன்தான் புறப்படும் இடமாக இருக்கும்.

மலைச்சரிவு முழுக்கக் கருகிக் கிடந்தது. சில வாரங்களுக்கு முன் புல்லுக்குத் தீ வைத்திருந்தார்கள். சாம்பலுக்கு நடுவே ஆளுயர மரங்கள், பட்டை கரிபோலக் கறுத்து, வளைந்து நெளிந்து நின்றன. செத்துப்போன மரங்கள் என்றே நினைத்தேன். உடன் வந்த வழிகாட்டி, இளைஞர், ஜூலு மொழிக்காரர். "இசிகலாபா" என்று மரத்தின் பெயரைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து அடிமரத்தின் மேல் வைத்தார். பட்டை விரற்கடை ஆழத்துக்கு வெடித்து, தக்கை போல இருந்தது. பிறகு கிளை நுனியைக் காட்டினார். வெள்ளித் தூள் அப்பிய இலைக்கொத்து ஒன்று, பொசுங்காமல், மேல்நோக்கிக் குவிந்திருந்தது. தீ கீழேயே போய்விட்டது, மரம் மேலே இருந்துவிட்டது.

அடுத்த முறை பிப்ரவரியில் அதே பாதையில் நடந்தேன். இடுப்பளவு பச்சைப் புல். அதே மரங்கள். ஒவ்வொரு வெள்ளிக் கொத்தின் நடுவிலும் ஒரு இளஞ்சிவப்புக் கிண்ணம். ஒரு மரத்தின் உச்சியில் நீண்ட வாலை ஆட்டியபடி ஒரு பறவை. முதல் பயணத்தில் நான் செய்த தவறு மாதத்தைப் பார்க்காமல் போனது மட்டும் அல்ல. பூவைத் தேடி மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததும்தான். இந்த மலைகளில் புரோட்டியாவை அடையாளம் காண அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

நெருப்புக்கு மூன்று பதில்கள்

புல்வெளிப் புரோட்டியா ஒன்றின் முன் நின்றதும் முதலில் கேட்க வேண்டியது: இது தீயை எப்படிக் கடக்கிறது? பதில் அடிமரத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் இனங்களில் பாதி கழிந்துவிடும்.

முதல் வகை, தடித்த பட்டை போட்டுக்கொள்பவை. ஒற்றை அடிமரம், வலைபோல ஆழமாக வெடித்த கறுத்த பட்டை, தலைக்கு மேல் இலைக்கொத்துகள். புல் எரியும் தீ வேகமானது, ஆனால் ஒரு இடத்தில் நெடுநேரம் நிற்காது. பட்டை அந்தச் சில நிமிடங்களைத் தாங்கினால் போதும். சிக்கல் குட்டி மரங்களுக்குத்தான். புல்லின் உயரத்தைத் தாண்டும்வரை, பட்டை தடிக்கும்வரை, ஒவ்வொரு தீயும் அவற்றுக்கு ஆபத்து. ஒரு சரிவில் பெரிய மரங்கள் மட்டும் இருந்து முழங்கால் உயரக் குட்டிகள் எதுவும் இல்லையென்றால், அங்கே தீ அடிக்கடி வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாம் வகை, நிலத்துக்குள் ஒளிந்துகொள்பவை. மேலே தெரிவது முழங்கால் அல்லது இடுப்பு உயரத்துக்கு மெல்லிய தண்டுகளின் கூட்டம். உண்மையான மரம் கீழே, தடித்த வேர்க்கட்டையாக இருக்கிறது. தண்டுகள் எரிந்துபோகும். மழைக்குப் பின் அந்தக் கட்டையிலிருந்து புதுத் தண்டுகள் வரும். அருகருகே நிற்கும் பத்துத் தண்டுகள் பத்துச் செடிகளாக இருக்க வேண்டியதில்லை, ஒரே செடியாக இருக்கலாம். அந்த ஒன்றுக்கு வயது எத்தனை என்பதும் தண்டைப் பார்த்தால் தெரியாது.

மூன்றாம் வகைக்குப் பட்டையும் இல்லை, நிலத்தடிக் கட்டையும் இல்லை. தீ பட்டால் சாவுதான். அதன்பின் விதையிலிருந்துதான் புதுத் தலைமுறை. அதனால் பாறை இடுக்குகள், ஓடைச் சரிவுகள் போன்ற, நெருப்பு தாண்டிப் போய்விடும் இடங்களில் இது ஒதுங்கி வாழ்கிறது. டிராக்கன்ஸ்பர்க்கில் இந்த வகைக்கு எடுத்துக்காட்டு புரோட்டியா சப்வெஸ்டிடா. தீ மீண்டும் மீண்டும் குறுகிய இடைவெளியில் வந்தால் குட்டிகள் பூத்து விதை கொடுக்கும் வயதை எட்டுவதற்குள் அழிந்துவிடும். இந்த இனம் குறைந்துவருவதற்கு அதுதான் பெரிய காரணம்.

பூ என்று நாம் நினைப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரோட்டியாவின் "இதழ்கள்" இதழ்கள் இல்லை. அவை பூவடிச் செதில்கள், நிறம் ஏறிய ஒருவகை இலைகள். சூரியகாந்தியைப் போலவே, நடுவில் நெருக்கமாக நிற்கும் நூற்றுக்கணக்கான சிறுபூக்கள்தான் உண்மைப் பூக்கள். முழுவதையும் சேர்த்துப் பூந்தலை என்பது பொருத்தம், இனி அப்படியே எழுதுகிறேன்.

ஒவ்வொரு சிறுபூவிலும் ஒரு நீண்ட சூலகத் தண்டு உண்டு. மொட்டு விரியும் முன்பே மகரந்தம் அந்தத் தண்டின் நுனியில் கொட்டப்பட்டுவிடும். மொட்டு பிளந்ததும் தண்டு விடுபட்டு, மகரந்தத்தை நுனியில் ஏந்தி நிற்கும். தேனுக்கு வரும் பறவையின் நெற்றியிலோ வண்டின் முதுகிலோ அது ஒட்டிக்கொள்ளும். இதைப் பார்க்க ஆப்பிரிக்கா போகத் தேவையில்லை. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலைக்கு நிழல் தர நட்டிருக்கும் சில்வர் ஓக் மரம் இதே புரோட்டியேசி குடும்பம்தான், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் ஆரஞ்சு நிறப் பூவில் தண்டு வளையமாக வளைந்து, பிறகு விடுபட்டு நிமிர்வதைக் கையில் வைத்தே பார்க்கலாம். பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். கண் பழகிவிடும்.

வெள்ளி மரமும் சாதாரண மரமும்

டிராக்கன்ஸ்பர்க் சரிவுகளில் நீங்கள் பார்க்கப்போகும் பத்து புரோட்டியா மரங்களில் ஒன்பது இரண்டே இனங்களாகத்தான் இருக்கும். இரண்டும் முதல் வகை. இரண்டுக்கும் ஜூலு மொழியில் இசிகலாபா என்ற பெயர் வழங்குகிறது. பிரித்தறியக் கற்றுக்கொண்டால் பயணம் இரட்டிப்பாக இனிக்கும்.

புரோட்டியா ரூப்பெலியே. வெள்ளிச் சர்க்கரைப் புதர் என்பது அங்குள்ள பெயரின் பொருள். தூரத்திலேயே தெரிந்துவிடும். இலைகளில், குறிப்பாக இளம் இலைகளில், வெள்ளி ரோமம் படிந்திருக்கும். இலைகள் கிளை நுனியில் மேல்நோக்கிக் குவிந்து கோப்பைபோல நிற்கும், அந்தக் கோப்பைக்குள் பூந்தலை. பூந்தலை 8 முதல் 12 செ.மீ. அகலம். உள்வரிசைச் செதில்கள் நீண்டு, நுனி கரண்டிபோல அகன்று, இளஞ்சிவப்பாக இருக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உச்சம். மற்ற மாதங்களில் ஓரிரண்டு தென்பட்டாலும் அதை நம்பிப் போக வேண்டாம்.

இதன் பெயருக்குப் பின்னால் சென்னை இருக்கிறது. அரபெல்லா ரூப்பெல் என்ற ஆங்கிலப் பெண்மணியின் கணவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர். 1840-களில் விடுப்பில் கேப் பகுதிக்குப் போய்த் தங்கியபோது அரபெல்லா அங்குள்ள பூக்களை வரைந்தார். அந்த ஓவியங்கள் 1849-இல் நூலாக வந்தன. நூலில் அவர் பெயர் இல்லை, "ஒரு சீமாட்டி" என்று மட்டும் போட்டிருந்தது. 1856-இல் தாவரவியலாளர் மெய்ஸ்னர் இந்த வெள்ளி மரத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். நூலின் முகப்பில் மறைந்த பெயர் ஒரு மலைத்தொடர் முழுக்க நிற்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி.

இரண்டாவது புரோட்டியா ஆஃப்ரா. கையில் பழைய புத்தகம் இருந்தால் அதில் காஃப்ரா என்று இருக்கும். கறுப்பின மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட ஒரு வசைச்சொல்லோடு தொடர்புடையது அந்தப் பெயர். 2024 ஜூலையில் மத்ரித் நகரில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு நடந்து, அந்தச் சொல்லைத் தாங்கிய 200-க்கும் மேற்பட்ட பெயர்களை ஆஃப்ரா என்ற வடிவுக்கு மாற்ற முடிவானது. எழுத்து ஒன்றுதான் நீங்கியது. அது நீங்க வேண்டியதுதான். வழிகாட்டிகளிடம் பேசும்போதும் குறிப்பேட்டில் எழுதும்போதும் புதுப் பெயரையே பயன்படுத்துங்கள்.

ஆஃப்ராவின் இலையில் ரோமம் கிடையாது. விரலால் தடவினால் தோல்போல வழவழப்பு. நீளம் 25 செ.மீ. வரை போகும், நிறம் வெளிறிய நீலப்பச்சை. பூந்தலை சிறியது, 8 செ.மீ. தாண்டுவது அரிது. செதில்கள் குட்டை, வெண்மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பு வரை. விரிந்ததும் தட்டுபோலத் திறந்துகொள்ளும், நடுவில் சிறுபூக்கள் குஞ்சம்போலத் துருத்தும். அக்டோபர் முதல் ஜனவரி வரை பூக்கும். ஆக, ரூப்பெலியே தொடங்கும்போது இது முடிந்துவிடும்.

பூ இல்லாத மாதத்தில் போனாலும் கைவிட வேண்டாம். போன பருவத்துப் பூந்தலைகள் பழுப்பேறிக் காய்ந்து கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய கிண்ணமாக இருந்தால் ரூப்பெலியே, சிறிய குஞ்சமாக இருந்தால் ஆஃப்ரா. இலை ரோமத்தோடு சேர்த்துப் பார்த்தால் தப்பாது. அந்தக் காய்ந்த தலையில் ஒரு துளையும் எச்சத் துகளும் தெரிந்தால் கேபிஸ் என்ற வண்ணத்துப்பூச்சிப் பேரினத்தின் புழு உள்ளே விதையைத் தின்றிருக்கலாம். பூச்சியாகப் பார்த்தால் பழுப்பும் ஆரஞ்சும் கலந்த சிறு சிறகுகள். புரோட்டியா மரத்தின் உச்சியில் வெயில் காயும்.

வாசனையா, சிறகா

இரண்டு மரங்களுக்கும் இன்னொரு வேறுபாடு உண்டு. மூக்கை வைத்துப் பாருங்கள். ஆஃப்ராவின் பூந்தலையில் பழுத்த பழத்தின் இனிப்பு வாசனை வரும். ரூப்பெலியேயில் அப்படி எதுவும் வராது.

காரணம் விருந்தாளிகள் வேறு என்பதுதான். ஆஃப்ராவைத் தேடி வருபவை பூவண்டுகள். டிசம்பர் வெயிலில் ஒரு பூந்தலையைக் குனிந்து பார்த்தால் தேனில் நனைந்த வண்டுகள் சிறுபூக்களுக்கு இடையே புதைந்து கிடப்பதைக் காணலாம். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புல்வெளிப் புரோட்டியாக்கள் சில இப்படி வாசனையால் வண்டுகளை அழைப்பதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஃப்ரா, சிம்ப்ளெக்ஸ், டிராகோமொன்டானா, வெல்விட்சி ஆகியவை அந்தக் கூட்டம். பறவைக்கு வாசனை தேவையில்லை. அதனால் ரூப்பெலியே நிறத்தையும் தேனையும் மட்டுமே வைத்துப் பிழைக்கிறது.

அதன் பறவை கர்னி சர்க்கரைப் பறவை. நான் பிப்ரவரியில் பார்த்தது அதுதான். மார்பு துருநிறம், வாலடி மஞ்சள், வால் நீளம். இந்தக் குடும்பத்தில் உலகில் இரண்டே இனங்கள். ஒன்று கேப் பகுதியில், மற்றது இந்தக் கிழக்கு மலைகளிலும் ஜிம்பாப்வேயின் கிழக்கு உயர்நிலத்திலும். புரோட்டியா இல்லாத இடத்தில் இதைத் தேடுவது வீண். கூடு கட்டுவதும் புரோட்டியாவிலேயே. ஒரு நல்ல ரூப்பெலியே மரத்திலிருந்து இருபது அடி தள்ளி, சூரியனுக்கு முதுகு காட்டி அரைமணி நேரம் அசையாமல் உட்காருங்கள். அது வரும். அதோடு பச்சை உலோகம்போல மின்னும் நீள்வால் தேன்சிட்டு ஒன்றும் வந்து அதைத் துரத்தவோ, அதனிடம் துரத்து வாங்கவோ செய்யும். நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடைப்பதில்லை.

குட்டையானவை, ஒதுங்கியவை

புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஆஃப்ரா பூத்ததுபோல ஏதாவது தென்பட்டால் நின்று பாருங்கள். தண்டுகள் கிளைக்காமல் நேராக, இலை ஒடுங்கி, பூந்தலை சிறுத்து இருந்தால் புரோட்டியா சிம்ப்ளெக்ஸ். பெயரின் பொருளே கிளையற்றது என்பதுதான். இடுப்பளவுப் புதராக, இலை இன்னும் அகலமாக, உயர்ந்த சரிவில் நின்றால் புரோட்டியா டிராகோமொன்டானா. டிராகன் மலையைச் சேர்ந்தது என்று பொருள், டிராக்கன்ஸ்பர்க் என்பதும் அதுவே. இரண்டும் இரண்டாம் வகை, நிலத்தடிக் கட்டை உள்ளவை. சிறிய ஆஃப்ரா என்று பலர் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடியில் கறுத்த ஒற்றை மரம் இல்லை என்பதைப் பார்த்தாலே குழப்பம் தீரும்.

சப்வெஸ்டிடாவைத் தேடுவதென்றால் பாறைச் சரிவுகளுக்குப் போக வேண்டும். செதில்களின் நுனி வெளிப்பக்கமாக வளைந்து, ஆம்பல் விரிந்ததுபோல இருக்கும். இளம் இலைகளில் வெண்பஞ்சு ரோமம், முதிர்ந்தவற்றில் அது உதிர்ந்துபோயிருக்கும். "அரைகுறையாக உடுத்தியது" என்பதே பெயரின் பொருள். ஜனவரி முதல் மார்ச் வரை பாருங்கள். ஒரு கூட்டத்தில் எல்லா மரமும் ஒரே உயரமாக இருந்தால், அவை ஒரே தீக்குப் பின் ஒன்றாக முளைத்தவையாக இருக்கக்கூடும்.

ஒன்றை மட்டும் தேடிப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புரோட்டியா நூபிஜெனா, மேகத்தில் பிறந்தது. ராயல் நட்டால் தேசியப் பூங்காவின் உயரத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டரில், ஒரே ஒரு முகட்டில் மட்டும் வாழ்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள இனம். அந்தச் செங்குத்துச் சரிவில் ஒவ்வொரு கால்தடமும் மண்ணைச் சரிக்கும். அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

வடக்கே போகப் போக

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கில், ம்புமலாங்கா மாநிலத்தின் மலை விளிம்பில், சிறு சிறு பரப்பில் மட்டுமே வாழும் இனங்கள் உண்டு. செம்பழுப்பு வெல்வெட் போர்த்திய மொட்டுகளோடு செப்டம்பரில் பூக்கத் தொடங்கும் ருப்ரோபிலோசா, பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் லேட்டான்ஸ், பார்பர்ட்டன் மலைகளில் குளிர்காலத்தில் பூக்கும் காம்ப்டோனி. இவற்றில் எனக்கு வியப்பூட்டுவது குர்வாட்டா. பார்பர்ட்டன் அருகே நிக்கலும் குரோமியமும் மிகுந்த பாம்புக்கல் மண்ணில்தான் அது வளர்கிறது. மற்ற மரங்கள் தயங்குகிற நிலத்தை அது தன் வீடாக்கிக்கொண்டிருக்கிறது.

லிம்போப்போ ஆற்றைத் தாண்டினால் மேடுகளில் புல்வெளியும், அவற்றுக்கிடையே மியோம்போ என்னும் திறந்த மரக்காடும் வரும். அங்கே பெரும்பாலும் வெள்ளைப் பூந்தலைகள்தான். ஒரு கிளை நுனியில் ஒரே பூந்தலை, இலை நீலம் பாய்ந்து வழவழப்பாக இருந்தால் புரோட்டியா ககுவேதி. மூன்று நான்கு தலைகள் கொத்தாக, இளங்கிளை முழுக்க ரோமமாக இருந்தால் வெல்விட்சி. இலையும் தலையும் இரண்டையும்விடப் பெரிதாக இருந்தால் மேடியென்சிஸ். மலாவியின் நியிக்கா பீடபூமி இவற்றைப் பார்க்க நல்ல இடம்.

ககுவேதி என்பது எத்தியோப்பிய மக்கள் வைத்த பெயர். நீல நைலின் ஊற்றைத் தேடிப் போன ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் புரூஸ், லமால்மோன் மலையில் இந்த மரத்தைப் பார்த்து, ஊரார் சொன்ன பெயரோடு தன் பயண நூலில் 1790-இல் எழுதினார். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் க்மெலின் அந்தப் பெயரையே அறிவியல் பெயராக்கினார்.

கிளிமஞ்சாரோ ஏறுகிறவர்கள் 3,000 மீட்டரை ஒட்டிய புதர்வெளியில் வெண்மஞ்சள் பூந்தலைகளைப் பார்ப்பார்கள். கென்யா மலையிலும் உண்டு. முன்பு தனி இனமாக எண்ணப்பட்ட அதை இப்போது ஆஃப்ராவின் துணையினம் என்றே பலரும் கொள்கிறார்கள். டிராக்கன்ஸ்பர்க் சரிவில் பார்த்த அதே மரத்தின் உறவு, நிலநடுக்கோட்டை ஒட்டி!

எங்கே, எப்போது

டர்பனிலிருந்து இரண்டு நாள் கிடைத்தால் ராயல் நட்டால் தேசியப் பூங்காவைச் சொல்வேன். காரில் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். துகேலா பள்ளத்தாக்குப் பாதை போய்வர ஏறத்தாழ 14 கி.மீ.; முதல் பாதி புரோட்டியாச் சரிவுகளை ஒட்டியே போகும். அருவி வரை போயே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் இந்தப் பகுதியைக் கடந்துவிடாதீர்கள். புரோட்டியாவுக்காக வந்தவருக்கு முதல் மூன்று கிலோமீட்டரே ஒரு நாள் வேலை.

இன்னொன்று சானி கணவாய். ஹிமவில் ஊரைத் தாண்டி மேலேறும் பாதையின் கீழ்ப்பகுதியில் ரூப்பெலியே, டிராகோமொன்டானா, சப்வெஸ்டிடா மூன்றையும் ஒரே காலையில் பார்க்க வாய்ப்பு உண்டு. சர்க்கரைப் பறவைக்கும் பேர்போன இடம். கணவாயின் உச்சி 2,870 மீட்டரை எட்டுகிறது, அது லெசோத்தோ நாடு. விசா விதிகளை முன்பே பார்க்காமல் எல்லையைத் தாண்ட வேண்டாம். நமக்கு வேண்டியது எல்லாம் கீழேயே இருக்கிறது.

ஜோஹன்னஸ்பர்க்கில் அரைநாள் மட்டும் இருப்பவர்கள் ஹைடல்பர்க் அருகிலுள்ள சைக்கர்போஸ்ராண்ட் காப்பகத்துக்குப் போகலாம். பெயரின் பொருளே சர்க்கரைப் புதர்க் குன்று. நவம்பரில் போனால் ஆஃப்ரா பூத்திருக்கும். ரூட்பூர்ட்டில் உள்ள வால்டர் சிசுலு தேசியத் தாவரவியல் பூங்காவிலும் குன்றின்மேல் இயற்கையாக வளர்ந்த ஆஃப்ரா மரங்கள் உண்டு. முதியவர்களோடு போகிறவர்களுக்கு அது வசதி.

ஒரே ஒரு மாதம்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் பிப்ரவரி. ஆஃப்ராவைத் தவறவிடுவீர்கள், மற்ற முக்கியமானவை எல்லாம் கிடைக்கும். அந்த மாதத்தின் விலை இடி. டிராக்கன்ஸ்பர்க்கில் கோடைப் பிற்பகல்களில் மின்னலோடு மழை பெய்வது வழக்கம். விடியலில் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் இறங்கிவிடுங்கள். இடி கேட்டதும் தனியாக நிற்கும் மரத்தடிக்கு ஓடாதீர்கள். சரிவில் உயரமாக நிற்பது புரோட்டியாதான். வாயிலில் உள்ள மலைப் பதிவேட்டில் பெயரும் போகும் பாதையும் எழுதாமல் மேலே ஏறக் கூடாது. பாதையில் வெயில் காயும் பஃப் ஆடர் விரியன் சத்தமில்லாமல் கிடக்கும், காலடியைப் பார்த்து வையுங்கள். மாலையில் உண்ணி இருக்கிறதா என்று உடம்பைப் பார்த்துவிடுங்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், 8x42 இருகண் நோக்கி, பென்சில், குறிப்பேடு. படம் எடுக்கும்போது பூந்தலையை மட்டும் எடுத்து வந்து பெயர் கேட்பவர்கள் அதிகம். அதை வைத்துச் சொல்ல முடியாது. முழு மரம் ஒன்று, அடிமரமும் நிலமும் தெரிய ஒன்று, இலையின் இரு பக்கமும் ரோமம் தெரியும்படி ஒன்று, செதில்கள் தெரியப் பூந்தலையைப் பக்கவாட்டில் ஒன்று, பழைய தலை ஒன்று. ஐந்தும் இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்ட சில நாளில் யாராவது பெயர் சொல்லிவிடுவார்கள். அழியும் நிலையில் உள்ள இனங்களின் இருப்பிடத்தை அந்தத் தளம் தானாகவே மறைத்துவிடும். சமூக ஊடகத்தில் நீங்களே போடும்போது அந்த மறைப்பு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இப்படி ஆர்வலர்கள் பதிவு செய்வது அந்நாட்டில் புதிதல்ல. டோனி ரெபெலோ முன்னின்று நடத்திய புரோட்டியா வரைபடத் திட்டத்தில் 1991 முதல் 2001 வரை தன்னார்வலர்கள் மலை மலையாக ஏறி, எந்த இனம் எங்கே நிற்கிறது என்று குறித்தார்கள். ரெபெலோவின் களக் கையேடுதான் இன்றும் தென்பகுதிக்குச் சிறந்த துணை. பெயர் மாற்றங்களை மட்டும் நீங்களே பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள்.

விதை எடுத்து வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காப்பகத்திலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதையை இந்தியாவுக்குள் கொண்டுவரவும் கூடாது. அப்படியே பொறுக்கினாலும் தலையில் உள்ள விதைகளில் பெரும்பாலானவை பதராகத்தான் இருக்கும். முறையான நாற்றங்காலில் விதை வாங்கிக் குன்னூர், கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடத்தில் முயல்கிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: டிஏபி போடாதீர்கள். பாஸ்பரஸ் அரிதான மண்ணில் அதைத் தேடி உறிஞ்சுவதற்கென்றே புரோட்டியாக்கள் தூரிகைபோல அடர்ந்த வேர்க்கொத்துகளை வளர்க்கின்றன. அந்த வேருக்குப் பாஸ்பரஸ் உரத்தைக் கொட்டினால் செடி அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டு நஞ்சாகிச் செத்துப்போகும். தொழுவுரமும் வேண்டாம். மணல் கலந்த, நீர் தேங்காத, புளிப்பு மண் போதும். அந்த வேர்கள் மேல்மண்ணிலேயே இருப்பதால், காட்டிலும் மரத்தடியை மிதித்துக் கெட்டியாக்காமல் இரண்டடி தள்ளியே நில்லுங்கள்.

கடைசியாக, பூங்காவை விட்டு வெளியே வரும்போது வாயிலில் இருப்பவரிடம் ஒன்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் நடந்த சரிவு கடைசியாக எந்த ஆண்டில், எந்த மாதத்தில் எரிந்தது? அதை எடுத்த படங்களோடு சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே சரிவில் முழங்கால் உயரக் குட்டி ஒன்றைப் பார்த்தால், அது எத்தனை தீயைக் கடந்து வந்திருக்கிறது என்று உங்களால் கணக்குப் போட முடியும்.